கசிந்தும் குறையாத ஆயில்

போரோவ்கா
8 அக்டோபர் 2014

ஓக்னியான்,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை. உன் முகவரியைக் கொடுத்தது ஸ்மோலியான் பஸ் ஓட்டும் கோசே. நம்பரை மாற்றிக்கொண்டு டான்யூப் கரைவரைக்கும் ஓடிப்போனவனுக்கு முகவரி ஒரு கேடா என்று கேட்டேன். "போனைத்தான் எடுக்க மாட்டான் அக்கா. லெட்டர் போட்டா பதில் போடுவான்," என்றான். பார்ப்போம்.

உறவு கொண்டாட எழுதவில்லை. வண்டிக்காக எழுதுகிறேன். உன் அண்ணன் சஹாரி எந்த வண்டியோடு கழுதைக்கல் வளைவில் பள்ளத்தில் பாய்ந்தாரோ, அதே வண்டி. போலீஸ் எட்டு மாதம் வைத்திருந்துவிட்டு ஜூலையில் திருப்பிக் கொடுத்தது. பைன் மரங்களில் மாட்டி நின்றதால் வண்டிக்குப் பெரிய அடி இல்லை. அடியெல்லாம் கதவு திறந்து வெளியே விழுந்தவருக்குத்தான். ஒடுக்கு எடுப்பவர் கதவை நிமிர்த்திக் கொடுத்தார். ஸ்டியரிங் ஆயில் டப்பா காய்ந்து கிடந்தது, நிரப்பியிருக்கிறேன் என்றார். அதைக் கேட்டபோது உன் முகம்தான் ஞாபகம் வந்தது. சஹாரி சாவதற்கு மூன்று நாள் முன்னால், அந்த ஆயில் ஒழுகலைச் சரிசெய்து புது ஹோஸ் போட்டது நீதானே. அடக்கத்தன்று எல்லோர் முன்னாலும் "உன் கைதான் கொன்னுச்சு" என்று சொன்னேன். அதில் எதையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது உன் அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். அத்தைக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி ஸ்மோலியானில் டயாலிஸிஸ். அவர்களைப் படுக்கவைத்துக் கூட்டிப்போக இந்த வண்டியை விட்டால் வேறில்லை. முப்பத்தெட்டு கிலோமீட்டரும் வளைவுதான். ஒரு நாள் தவறினால் கால் வீங்குகிறது. இரண்டு நாள் தவறினால் மூச்சு முட்டுகிறது. உனக்கு இது தெரியாது, நீ கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியிலிருந்து வண்டிக்கடியில் சிவப்பாக ஆயில் சொட்டுகிறது. திருப்பும்போது முன்னால் ஏதோ முனகுகிறது. ஸ்மோலியானில் ஒரு மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டுகூட இல்லையேம்மா. டப்பாவும் ஃபுல்லா இருக்கு. ஃபுல்லா இருக்கற வண்டியில நான் எதைச் சரிபண்றது?" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து ஷெட்டில் நிறுத்தினேன். மறுநாள் காலையில் தரையில் ஒரு காபிக் கோப்பை அளவுக்கு ஆயில் இருந்தது. டப்பாவைத் திறந்தேன். கோடுவரை நிறைந்திருந்தது. தினமும் இதே கதைதான். ஒழுகுகிறது, ஆனால் குறையவில்லை.

எங்கே ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி நிறுத்துவது, அதை மட்டும் எழுது.

வெலினா


விதின்
14 அக்டோபர்

அண்ணி,

அம்மா விஷயம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். அதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். வண்டியைப் பற்றி எழுதுகிறேன், அது எனக்குச் சுலபம்.

சொட்டுகிற இடமும் ஒழுகுகிற இடமும் ஒன்றல்ல. ஆயில் மேலே எங்கோ கசிந்து, வழிந்து, கிடைத்த தாழ்வான மூலையில் வந்து சொட்டும். அதனால் முதலில் மண்ணெண்ணெய் தொட்டு எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். புதுசு மாதிரி ஆகவேண்டும். அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, சக்கரம் நிற்கும் இடங்களை அதில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு யாரையாவது உட்காரவைத்து ஸ்டியரிங்கை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பச் சொல்லுங்கள். கோடியில் போய் இரண்டு நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, பம்ப் வீணாகிவிடும். நீங்கள் டார்ச் அடித்துப் பாருங்கள். கையால் தடவவேண்டாம். அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைக் கிழிக்கும்.

முதலில் பம்பின் ஆயில் சீல். அடுத்து ஸ்டியரிங் ராக், அதாவது சக்கரங்களைத் திருப்பும் தண்டு, அதன் இரண்டு முனையிலும் இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. அதை அமுக்கிப் பாருங்கள்; உள்ளே ஆயில் இருந்தால் சளசளக்கும்.

ரிட்டன் ஹோஸ், அதாவது ராக்கிலிருந்து டப்பாவுக்குத் திரும்பி வரும் மெல்லிய ரப்பர் குழாய், போன வருஷம் நான் போட்ட புதுசு. அதைத் தொடவேண்டாம். அதில் ஒன்றும் இருக்காது.

டப்பா நிறைந்திருப்பது எனக்குப் புரியவில்லை. மட்டத்தைச் சரியாகப் பார்த்தீர்களா?

அம்மாவிடம் என் பெயரைச் சொல்லவேண்டாம்.

ஓக்னியான்


போரோவ்கா
20 அக்டோபர்

ஓக்னியான்,

உன் பெயரைச் சொன்னேன். "அவனா? சாப்பிடறானான்னு கேளு," என்றார்கள். சாப்பிடுகிறாயா?

நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். இரண்டு நாள் கையிலிருந்து மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியது உன் அம்மா. "எழுபத்துநாலு வயசுல டிரைவர் வேலை குடுத்துட்ட," என்று சந்தோஷமாகத் திருப்பினார்கள். பம்ப் சீல் காய்ந்திருக்கிறது. ரப்பர் உறைகளை அமுக்கினேன், சளசளக்கவில்லை. எஞ்சின் ஓடும்போது எங்குமே ஒரு துளி இல்லை. வண்டியை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டால், காலைக்குள் அட்டை நனைந்துவிடுகிறது.

மட்டத்தைச் சரியாகப் பார்த்தேனா என்று கேட்டிருக்கிறாய். டப்பாவின் மேல் நகப்பூச்சால் கோடு போட்டேன். அலமாரியில் இருந்த ஆயில் பாட்டிலைச் சமையலறைக்கு எடுத்துவந்து மாவு டின்னுக்குள் வைத்தேன். மறுநாள் அட்டையில் ஆயில் இருந்தது. டப்பாவில் மட்டம் என் கோட்டில் நின்றது. பாட்டில் மாவுக்குள் அப்படியே இருந்தது. மூன்று நாளாக இப்படி. செப்டம்பர் கடைசியிலிருந்து ஒழுகிய ஆயிலைக் கணக்குப் போட்டால் இந்நேரம் இரண்டு டப்பா காலியாகியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சொன்னால் சிரிப்பாயோ என்று விட்டிருந்தேன். நான் வண்டியைச் சக்கரம் நேராக இருக்கும்படி நிறுத்துகிறேன். காலையில் போனால் இரண்டு முன்சக்கரமும் இடதுபக்கம் முழுதாகத் திரும்பி நிற்கின்றன. ஷெட் சரிவாக இருக்கிறது என்று சுவரைப் பார்த்து இடதுபக்கம் ஒடித்து நிறுத்துவது யார் வழக்கம் என்று உனக்கே தெரியும்.

அத்தையிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "அவன் வண்டிய அவன் திருப்பி வைக்கிறான். இதுல உனக்கென்ன?" என்றார்கள். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, அந்த வண்டியில்தான் போகவேண்டும்.

வெலினா


விதின்
26 அக்டோபர்

அண்ணி,

சாப்பிடுகிறேன்.

இல்லாத ஆயில் ஒழுகாது. பதினெட்டு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன். ஒழுகினால் குறையும், குறையவில்லை என்றால் யாரோ ஊற்றுகிறார்கள். அம்மாவிடம் நேராகக் கேளுங்கள்.

சக்கரம் தானாகத் திரும்ப வழியில்லை. சாவியை எடுத்ததும் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பூட்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். சாவியை எடுத்துவிட்டு அசைத்தால் 'கிளக்' என்று நிற்கவேண்டும். அது கெட்டிருந்தால் சரிவில் சக்கரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகலாம். அப்படித்தான் இருக்கும், அண்ணி. அப்படித்தான் இருக்கவேண்டும்.

மிச்சம் இருப்பது பம்பிலிருந்து ராக்குக்குப் போகும் கனமான ஹோஸ். திரும்பவும் எல்லாவற்றையும் துடைத்து, காயவிட்டு, அதன் மேல் கோதுமை மாவைத் தூவிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவுகூட மாவில் சிவப்புக் கோடாக எழுதிக்காட்டும். கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எந்த வண்டிக்கடியிலும் என்னால் படுக்க முடியவில்லை. முதலாளி என்னை டயர் கழற்றும் பக்கம் அனுப்பிவிட்டார்.

ஓக்னியான்


போரோவ்கா
3 நவம்பர்

ஓக்னியான்,

கேட்டேன். "எனக்குத் தண்ணி பாட்டில் மூடியத் தொறக்கவே கை வரல, டப்பா மூடிய எங்க தொறக்கறது?" என்றார்கள். உண்மைதான். தண்ணீர் பாட்டிலை நான்தான் திறந்து கொடுக்கிறேன்.

பூட்டு நன்றாக இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன், கல் மாதிரி நிற்கிறது. சாவி என் பையில். ஷெட் கதவில் பூட்டு. காலையில் பூட்டைத் திறந்தேன். சக்கரம் இடதுபக்கம்.

ரோட்டில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து இறங்கும்போது ஸ்டியரிங் முனகிக்கொண்டு கனமாகத்தான் வருகிறது. கழுதைக்கல் வளைவு வந்ததும் லேசாகிவிடுகிறது. என் கை திருப்புவதற்கு அரை நொடி முன்னால் அது திரும்புகிறது. சரியான அளவுக்கு, சரியான இடத்தில். நான் சும்மா கையை வைத்துக்கொண்டிருக்கிறேன். வளைவு தாண்டியதும் மறுபடி கனம். போகும்போதும் இப்படி, வரும்போதும் இப்படி. நான் பயந்து பிடித்து இழுத்தேன். பின்னால் படுத்திருந்த அத்தை, "குறுக்க நிக்காதடி. அவன் திருப்பட்டும்," என்றார்கள்.

சனிக்கிழமை இறந்தவர்கள் நாள் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கல்லறையில் இறங்கினோம். வேகவைத்த கோதுமையை வைத்து, ஒயினை மண்ணில் ஊற்றினேன். "பகல்ல இங்கயே இரு, வண்டிக்கு வராத" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஏன் சொல் வரவில்லை என்று யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவர் வரட்டும் என்றுதான் இருக்கிறது.

இப்போது மாவு. நீ சொன்ன கனமான ஹோஸில் தூவினேன். கை தவறிப் பக்கத்தில் இருந்த ரிட்டன் ஹோஸிலும் விழுந்தது. காலையில் கனமான ஹோஸ் வெள்ளைவெளேர் என்று காய்ந்திருந்தது. சிவப்புக் கோடு தொடங்கியது ரிட்டன் ஹோஸ் ராக்கில் மாட்டும் முனையில், கிளிப்புக்குக் கீழே. நீ தொடவேண்டாம் என்று சொன்ன இடம். அழுக்கைச் சுரண்டிப் பார்த்தேன். அடியில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது.

புது ஹோஸுக்கு எதற்கு டேப், ஓக்னியான்?

வெலினா


விதின்
7 நவம்பர்

அண்ணி,

கோசேவுக்குப் போன் செய்து, நீங்கள் வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்றும் தெரியும். அதனால் எழுதுகிறேன். ஒரு வருஷமாக எழுதக் கூடாது என்று இருந்ததை எழுதுகிறேன்.

அது புது ஹோஸ் இல்லை. பழையதுதான். போன வருஷம் நவம்பர் 12 அன்று அண்ணன் வண்டியைப் பார்த்தேன். ராக் முனையில் ஹோஸ் வெடித்திருந்தது, ஒரு விரல் நீளத்துக்கு. பெரிய வேலை இல்லை. வெடித்த முனையை இரண்டு விரல் அகலம் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல முனையை மாட்டி கிளிப்பை இறுக்கினால் தீர்ந்தது. நீளம் போதுமா என்று அன்றைக்கே அளந்துவிட்டேன். போதும். கத்தியைக் கையில் எடுத்தேன்.

நீங்கள் ஷெட் வாசலில் வந்து நின்றீர்கள். ஓநாய் நாட்கள் தொடங்கி ஒரு நாள் ஆகியிருந்தது. உங்கள் கத்தரிக்கோலையெல்லாம் காலையிலேயே சிவப்பு நூலால் வாய்கட்டி வைத்திருந்தீர்கள். "இந்த ஏழு நாள்ல வெட்டின துணிய எவன் போட்டாலும் ஓநாய் வந்து கூப்பிட்டுக்கும். வண்டிக்கு மட்டும் வேற சட்டமா? கத்திய வை கீழ," என்றீர்கள். நான் சிரித்தேன். ரப்பர் என்ன சட்டையா என்று கேட்டேன். அண்ணன்தான், "விடுடா, அவ சொல்றா. அடுத்த வாரம் வெட்டிக்கலாம்," என்றார். வெடிப்பின் மேல் டேப்பைச் சுற்றி, கிளிப்பை ஏற்றி இறுக்கி, ஒரு வாரம் தாங்கும் என்றேன். மூன்று நாள்தான் தாங்கியது.

புது ஹோஸ் போட்டதாகப் போலீஸிடம் நான்தான் சொன்னேன். உங்களிடமும் அதையே சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் கல்லறையில் நீங்கள் என்னைச் சொன்ன வார்த்தையை வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் உங்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அது தாங்காது. வெட்டாதது என் குற்றம்தான். மெக்கானிக் நான், நீங்கள் அல்ல. அதனால் பாதிதான் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பொய்யை விடமுடியாமல்தான் உங்களைப் பம்ப், உறை என்று ஊரெல்லாம் சுற்றவைத்தேன். அந்த ஹோஸோடு என் அம்மாவை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு மாதமாக ஓட்டியிருக்கிறீர்கள். இங்கே உட்கார்ந்து நானே அனுப்பிவைத்திருக்கிறேன்.

செய்யவேண்டியது இதுதான். அடியில் பாத்திரம் வையுங்கள். கிளிப்பைத் தளர்த்தி ஹோஸைப் பிடுங்குங்கள். வெடித்த பகுதியைப் புது பிளேடால் நேராக வெட்டுங்கள். முனையில் கொஞ்சம் ஆயில் தடவி, குழாயின் மேட்டைத் தாண்டும்வரை ஏற்றி, புதுக் கிளிப் போட்டு இறுக்குங்கள். டப்பாவை நிரப்புங்கள். முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, எஞ்சினைப் போடாமல், ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி இருபது தடவை திருப்பவேண்டும். டப்பாவில் குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பிறகு எஞ்சின்.

இந்தக் கடிதம் 11-ஆம் தேதிக்குள் வந்துவிட்டால் நல்லது. அன்றைக்கு மறுபடி ஓநாய் நாட்கள் தொடங்குகின்றன. வராவிட்டால் என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன். போன தடவையும் நான் சொல்லாமல்தான் இருந்தேன்.

ஓக்னியான்


போரோவ்கா
16 நவம்பர்

ஓக்னியான்,

கடிதம் 12-ஆம் தேதி புதன்கிழமை வந்தது. கோசே முன்னமே வந்து வண்டியை எடுக்காதே என்றான். உன் அம்மாவை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கட்டுமா என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமையும் போய்வந்தேன்.

ஷெட்டில் நின்றுதான் படித்தேன். வாசலில் நின்றது, நீ சிரித்தது, அவர் 'விடுடா' என்றது, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறந்ததே இல்லை. ஆனால் நான் போனபிறகு நீ எப்படியும் வெட்டியிருப்பாய், என் பேச்சை எவன் கேட்டான் என்று நினைத்திருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் அன்றைக்கு.

என்னை நல்லவளாக வைத்திருக்க ஒரு வருஷம் நீ கொலைகாரனாக இருந்தாய். இதற்கு நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அவர் சாவுக்கு அழுததில் பாதி உன்னைத் திட்டுவதிலேயே போய்விட்டது. என்மேல் அழவேண்டியதை இப்போதுதான் தொடங்குகிறேன்.

அத்தையிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எதையும் மறைக்கவில்லை. என் தலையெழுத்தை அவர்களே சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கடிதத்தை மடித்து வைக்கச் சொன்னார்கள். பிறகு, "நாளைக்கு வியாழக்கிழமை. நான் போகணும்ல? போய் வெட்டு," என்றார்கள். ஓநாய் நாள் ஆயிற்றே அத்தை என்றேன். "போன வருஷம் வெட்டாம இருந்தோம். ஓநாய் வராமயா போச்சு?" என்றார்கள்.

கத்தரிக்கோலுக்கெல்லாம் இந்த வருஷமும் நூல் கட்டியிருந்தேன். பிளேடை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். கிளிப்பைத் தளர்த்தியதும், நான் இழுக்காமலே ஹோஸ் கையோடு வந்துவிட்டது. டேப் மக்கி உதிர்ந்திருந்தது. அதற்குள் ஹோஸ் சுற்றிலும் அறுந்து இரண்டு துண்டாக இருந்தது. நடுவில் ஒட்டுக்கு ஒன்றுமே இல்லை, ஓக்னியான். உள்ளே தூசி காய்ந்து கிடந்தது. பதினெட்டு வருஷம் இந்த வேலை செய்தவன் சொல், அந்த ஹோஸ் எத்தனை திருப்பம் தாங்கும்? ஒன்றுகூட இல்லை அல்லவா? அதோடு முப்பது தடவை ஸ்மோலியான் போய்வந்திருக்கிறேன்.

வெட்டினேன். இடி விழவில்லை. ஓநாய் கூப்பிடவில்லை. நீ எழுதியபடியே மாட்டி, இறுக்கி, நிரப்பி, அத்தையை உட்காரவைத்து இருபது தடவை திருப்பச் சொன்னேன். குமிழி நின்றது. முனகல் நின்றது.

வியாழக்கிழமை காலை சக்கரம் நான் விட்டபடி நேராக இருந்தது. இறங்கினோம். ஸ்டியரிங் ரோடு முழுக்க ஒரே மாதிரி லேசு. கழுதைக்கல் வந்தது. நான் வழக்கம்போல் கையைச் சும்மா வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது திரும்பவில்லை. திரும்பும் என்று இன்னும் அரை நொடி காத்திருந்தேன். கம்பித் தடுப்பு கண்ணாடி முழுக்க வந்துவிட்டது. அத்தை அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், என் பெயரை இல்லை. நான் ஒடித்துத் திருப்பினேன். வலதுபக்கம் முழுக்கத் தடுப்பில் உரசிக்கொண்டே போய் நின்றது. இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரம் பாதி ரோட்டுக்கு வெளியே இருந்தது. அத்தைக்கு ஒன்றுமில்லை, என்னைத் திட்டும் தெம்பு இருந்தது.

நேற்றோடு அவர் போய் ஒரு வருஷம். அதே வண்டியில் அதே வளைவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடந்துபோகிறவன் என்னைத் தாண்டிப் போகும் வேகத்தில் ஓட்டினேன். பின்னால் பதினாலு வண்டி ஹாரன் அடித்தது.

அட்டை நாலு நாளாகக் காய்ந்து கிடக்கிறது. டப்பாவின் மட்டம் கோட்டில் இருக்கிறது. ஒழுகல் நின்றுவிட்டது என்று உனக்குச் சொல்லவேண்டும், சொல்லிவிட்டேன். இன்று காலை அந்தக் காய்ந்த அட்டைமேல் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதேன். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் வா. நீ வந்து உன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. எனக்கு அந்த வளைவில் தனியாக ஓட்டத் தெரியவில்லை.

வெலினா